வெள்ளிமலை பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு ஃபிளெக்ஸ்

என் பரிமளா அக்கா,

நீ ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறாயாம். கள்ளக்குறிச்சியில் உனக்கு ஜெர்மன் கற்றுக்கொடுத்த சென்டர்காரர், தன் மாடி சென்டருக்குக் கீழே, வெள்ளிமலை பஸ் நிற்கும் இடத்தில் அப்படித்தான் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார். நாம் சேர்ந்துபோய் ஸ்டூடியோவில் எடுத்த உன் போட்டோ. பரீட்சைக்கு முன்பே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது அவருக்குத் தெரியாதா? உன் சாவுக்குச் சங்கராபுரத்தில் நம் வீட்டுக்கு மாலையோடு வந்தவர்தானே.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய இலவச வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஜெர்மன் பெயர்ச்சொற்களின் கடைசியில் வரும் விகுதிகள்தான் பாடம். ‘ஹைட்’ முன்பு தனிச்சொல்லாக இருந்ததாம், நிலை, தன்மை என்று பொருளாம். ‘ஷாஃப்ட்’ உண்டாக்குவது என்ற சொல்லுக்கு உறவு, ‘டூம்’ தீர்ப்பு என்ற பழைய சொல். இங்கிலீஷின் ‘ஹுட்’, ‘ஷிப்’, ‘டம்’ எல்லாம் இவற்றின் கூடப்பிறந்தவை. பிறகு சொன்னார், இவை மருமகள்கள் மாதிரியாம். வந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டு, பிறந்த வீட்டுப் பெயரை மறந்தவையாம்.

அது நீ மாவாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னது. ஒரே வீட்டுக்கு வந்த நம் இருவரைப் பார்த்துச் சொன்னது. வகுப்பில் நீ அதைச் சொன்ன அன்று, எல்லோர் முன்னாலும் சிரித்து, கதையெல்லாம் எதற்கு, மனப்பாடம் பண்ணு என்றாரே. நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். இப்போது அதே வாய், “இது நானா யோசிச்சுக் கண்டுபுடிச்சதுங்க” என்கிறது.

உன் வருஷ திதிக்குக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்கலாம் என்றார்கள் வீட்டில். கட்டும் இடத்தை நான் சொன்னேன். அவருடையதற்கு நேர் எதிரே. அதே போட்டோ, அதே சிரிப்பு. கவிதை போடும் இடத்தில் அந்த விகுதிகள் வந்த கதை, உன் வார்த்தையில், மருமகள்களோடு. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். பிள்ளைகளைச் சேர்க்க வந்தவர்கள் படியேறாமலே திரும்புகிறார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இது பாவமா?

நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். “கழட்டிடுங்கம்மா, ஜனங்க ஒரு மாதிரி பேசிக்கினு போறாங்க” என்றார். காபி கொடுத்தேன்.

“எங்க வூட்டு சாவ நாங்க இன்னாத்துக்கு சார் மறைக்கணும்?” என்றேன். காபியைக் குடிக்காமல் போனார்.

உனக்கு வாக்குத் தருகிறேன். அவர் உன்னை ஜெர்மனியில் வைத்திருக்கும்வரை, எதிரே நான் உனக்குக் காரியம் செய்துகொண்டே இருப்பேன்.

உனக்குப் பின்னால் அதே வீட்டுக்கு வந்த உன் ஓரகத்தி,
செல்வி