அம்மணி என்று அடித்துப் பார்த்தேன்

நவம்பர் 12, புதன்

கிணத்துக்கடவில் வாங்கிய பழைய லேப்டாப் இன்றும் திறக்கவில்லை. விண்டோஸைப் புதிதாக ஏற்ற முதலில் மெஷினின் செட்டப் பக்கத்துக்குள் போக வேண்டும். அதற்கு ஒரு பாஸ்வேர்டு கேட்கிறது. அதை வைத்தவர் போன தையில் இறந்துவிட்டார். எனக்கு விற்றது அவர் மனைவி மயிலாத்தாள். ரிப்பேர் கடைக்காரர் பேட்டரியைக் கழற்றி மாட்டியும் ஒன்றும் ஆகவில்லை. மதர்போர்டையே மாற்ற வேண்டுமாம். அதற்கு இதைத் தூக்கிப் போட்டுவிடலாம். திங்கட்கிழமை டைப்பிங் வேலை தொடங்குவதாக வேறு சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

காலையில் மயிலாத்தாள் அக்காவுக்கே போன் செய்தேன்.

“எம்பேரைப் போட்டுப் பாருங்க கண்ணு” என்றார்.

போட்டேன், இல்லை. மறுபடி கூப்பிட்டுச் சொன்னேன்.

“அவரு என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்லீங்க. அம்மணின்னுதான் கூப்புடுவாரு. அதாத்தான் இருக்கும், பாருங்க.” குரலில் வெட்கம் தெரிந்தது.

அம்மணியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் அடித்தேன். தப்பாகப் போடப் போட மெஷின் பூட்டிக்கொண்டது. அணைத்துப் போட்டு மறுபடி அடித்தேன். மதியத்தோடு விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். “தொறந்துருச்சுங்களா கண்ணு?”

“இல்லீங்க்கா.”

அவர் சொன்னார்:

“செரி உடுங்க கண்ணு. அவரு எல்லாப் பொம்பளைகளையும் அம்மணின்னுதான் கூப்புடுவாரு.”