ஜூன் ஆறுக்குள் வாய்ப்பாடு

மே 9, 1955. திங்கள்.
மணி பதினொன்றுக்கு மேல். இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேனோ. பகல் முழுக்கப் புழுக்கம், மழை இல்லை.

மகள் சரோஜா இன்று: வாசிப்பு அரைப் பக்கம், விரல் வைத்து. ஏழாம் வாய்ப்பாடு மூன்றோடு நின்றது. ஜூன் 6 பள்ளி திறந்ததும் ஹெட்மாஸ்டர் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வார், ஐந்து கணக்கு வாயால் கேட்பார். தேறினால் மூன்றாம் வகுப்பு. இல்லாவிட்டால் மறுபடி இரண்டு. மறுபடி இரண்டென்றால் பள்ளிக்கூடமே வேண்டாமாம், மாமா சொல்லிவிட்டார்.

பின்கட்டில் புளி உடைக்கிற பெண்களோடு உட்காரக் கூடாதென்று அவளுக்கு உத்தரவு போட்டுப் பத்து நாள். அவர்கள் பேச்செல்லாம் தெலுங்கு. எனக்கு ஒன்றும் புரிவதில்லை. குழந்தையின் தமிழ் கெட்டுப்போகும்.

நாளை: துவரை காயப்போட. சிலேட்டுக் குச்சி. பெங்களூருக்கு, இவருக்குக் கடிதம்.

மே 14. சனி.
இவர் இந்த வாரமும் வரவில்லை. ஃபாக்டரியில் ஓவர்டைம் போலிருக்கிறது. பதிலும் இல்லை.

எட்டாம் வாய்ப்பாடு முப்பது தடவை எழுதினாள். கேட்டால் சுவரைப் பார்க்கிறாள். அடித்தேன். பி.ஏ. படித்த கை.

அத்தை அரிசி புடைத்துக்கொண்டே, "பொட்டப்புள்ள கணக்குப் போட்டு எந்தத் தாலூக்கா கச்சேரியில உக்காரப் போவுது? உன்னியுந்தான் படிக்க வெச்சாங்க. இங்க வந்து சோறுதான ஆக்கற" என்றார்.

மே 19. வியாழன்.
தலைவலி. பாடம் இல்லை. அவளும் கேட்கவில்லை. இவருக்கு இரண்டாவது கடிதம். ரவிக்கைக்குக் கை தைத்தேன், ஒன்று சிறிதாகிவிட்டது.

மே 24. செவ்வாய்.
மூன்று மணிக்கு மழை. நனைந்தால் புளி கறுத்துவிடும். கூடையெல்லாம் கூடத்துக்குள், பெண்களும். நான் அடுப்படியில்.

கொட்டை எடுத்த புளியை முனியம்மா உருண்டை பிடித்து அடுக்கினாள். ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு. "என்னி அம்மாயி?" என்றாள் சரோஜாவிடம், அடுக்கைக் காட்டி.

குழந்தை தலைகூடத் தூக்கவில்லை. "யாபை ஆரு."

ஐம்பத்தாறாம், முனியம்மாதான் தமிழில் சொன்னாள். கேட்ட மாத்திரத்தில்.

முனியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "போன வருசத்துலருந்து எங்க கணக்குப்புள்ள இவதாம்மா. நீதான் வரக்கூடாதுன்ட்ட. இப்ப எங்களுக்குத் தப்பித் தப்பிப் போவுது."

ஏழெட்டு எவ்வளவு என்று நான் தமிழில் கேட்டேன். சுவரைப் பார்த்தாள்.

தெரிந்த கணக்குக்குத்தான் அடித்திருக்கிறேன்.

மே 27. வெள்ளி.
முனியம்மாவிடம் போய் உட்காரு என்றேன். "போனா நீ அடிப்ப" என்றாள். கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். பின்கட்டில் பெருக்கிய தரைதான். புளி நேற்றோடு முடிந்ததாம். எல்லோரும் மாந்தோப்பு வேலைக்குப் போய்விட்டார்கள்.

சீயக்காயைச் சிக்கனமாய்ச் செலவழிக்கணும். பால்காரி வரவில்லை.

மே 29. ஞாயிறு.
இவருக்கு மூன்றாவது கடிதம். நகல்:

ஜூன் 6-க்கு எட்டு நாள் இருக்கிறது. சரோஜாவுக்குக் கணக்கு வரும், தெலுங்கில். அதைத் தமிழுக்குக் கொண்டுவர என்னால் ஆகவில்லை. உங்களுக்கு இரண்டும் தெரியும். நீங்களும் அந்தப் புளிக்கூடைகளின் பக்கத்தில்தான் எண்ணப் பழகினீர்கள் என்று அத்தை சொல்கிறார். ஹெட்மாஸ்டர் திருநெல்வேலிக்காரர், தெலுங்கில் கேட்க அவருக்குத் தெரியாது. நான்கு நாள் லீவு போட்டு வாருங்கள். என்னோடு உட்கார்ந்தால் அவள் வாயே திறப்பதில்லை. முடியாதென்றால் முடியாதென்றாவது எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடவும்.