பிரிக்காத முப்பத்தொரு கட்டு

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காற்று. ஆடி முடியப்போகிறது, இது நிற்கிற வழியாக இல்லை. மாடியில் காயப்போட்டதில் பாதி பக்கத்து வீட்டு மாடியில். போய்க் கேட்கக் கூச்சம். அம்மா போய் எடுத்து வந்தாள்.

மத்தியானம் மாமா வந்தார், வில்லாபுரத்திலிருந்து. அம்மாவின் தம்பி. கூரியர் ஆபீஸ் வேலை, ஞாயிறுதான் லீவு. சாப்பிட்டுக்கொண்டே என் போனை எடுத்துப் பார்த்தார்.

"என்ன மருமகளே, கட்டுக் கட்டா வச்சிருக்க?"

விளையாட்டு என்றேன். கார்டு விளையாட்டு. ஒரு பாக்கெட்டில் ஐந்து கார்டு, பிரித்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். நல்லது வந்தால் அதை வைத்து மற்றவர்களோடு மோதலாம். நான் கட்டு என்றுதான் சொல்வேன். வேலை செய்யும் இடத்தில் வெற்றிலையைக் கட்டு என்று சொல்லிப் பழகிவிட்டது. என்னிடம் முதல் சீசன் கட்டு முப்பத்தொன்று. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

"எம்புட்டுக்கு வாங்குன?"
"எண்பது."
"இப்ப எம்புட்டு?"
"இருநூத்தி அறுபது."

மாமா கை இலையிலேயே நின்றது.

"இன்னும் ஏறுமா?"

"ஏறும்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "வெத்தல நாலு நாள்ல வாடிரும் மாமா. இது வாடாது" என்றும் சொல்லிவிட்டேன். விருந்தாளி முன்னால் நான் பேசியதிலேயே நீளம் இதுதான்.

மாமா தொடையில் தட்டினார். "வாடாத வெத்தல! அக்கா, கேட்டியா? வாடாத வெத்தல!" கிளம்புவதற்குள் நாலு தடவை சொன்னார்.

திட்டம் அப்புறம்தான் வந்தது. ஆபீஸில் ஒரு சிநேகிதர் இந்த மாதிரி கார்டில் காசு பெருகுவதாக வீடியோ காட்டியிருக்கிறாராம். என் சடங்குக்கு மாமா போட்ட சங்கிலி. ரெண்டு பவுன், தாய்மாமன் சீர். "பீரோவுல சும்மா தூங்குது. அத வித்து இதுல போடுவோம். வருசம் திரும்பட்டும், நாலு பவுனா போடுறேன்."

அம்மா: "சீர் செஞ்ச கையே திருப்பி வாங்குனா ஊரே சிரிக்கும்டா."
மாமா: "திருப்பி வாங்கலக்கா. வளக்குறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். "போட்டுக்கப்போறவ அவதான். நீ என்னடி சொல்ற?"

தலையாட்டினேன். இந்த வீட்டில் என்னிடம் கேட்டு ஒன்று நடப்பது இதுதான் முதல். ஒன்பதாவதோடு நின்றவள், எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் வாய் வராதவள். அவளிடம் கேட்கிறார்கள்.

ஆடியில் நகையைக் கை மாற்றக் கூடாது என்றாள் அம்மா. அடுத்த ஞாயிறு ஆவணி ஒன்று. அன்று வந்து வாங்கிக்கொண்டு போவதாக மாமா. அப்பா லாரியோடு நாசிக்கில். போனில் "உங்க இஷ்டம்" என்றார். அவர் எதற்கும் அதுதான் சொல்வார்.

எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்றால்:
– வாடாது
– முதல் சீசன் கட்டைக் கம்பெனி இப்போது விற்பதில்லை
– மாதா மாதம் ஏறியிருக்கிறது
– நான் பிரிக்கவில்லை. பிரிப்பவர்கள்தான் முட்டாள்கள்

ஆகஸ்ட் 11, திங்கள்

வெற்றிலைக் கொட்டகையில் வேலை குறைவு. ஆடியில் கல்யாணம் இல்லை, வெற்றிலை எடுக்க ஆளில்லை. கவுளி போட்டதே கொஞ்சம். (நூறு இலை ஒரு கவுளி. நான் எண்ணுவதே இல்லை, கை எண்ணிவிடும்.)

பாண்டியக்கா பக்கத்தில். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், வாய் ஓயாது. நான் ஒன்றும் பேசாததால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. இன்று அவர் அண்ணன் மகனுக்குப் பேர் வைத்த கதை. மூன்றாம் தடவை.

வீட்டுக்கு வந்து சங்கிலியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கனம். திரும்ப வைத்துவிட்டேன்.

நாலு பவுன் என்றால் இரண்டு மடங்கு கனம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில், காற்று இரண்டும். இலையின் மேல் ஈரச் சாக்கு போட்டும் ஓரம் சுருண்டது.

இன்று முதலாளி அண்ணனுக்கும் மதுரையிலிருந்து வந்த வியாபாரிக்கும் வாய்த்தகராறு. முதலாளி கரும்பலகையில் காலையிலேயே விலை எழுதிவிடுவார், சாக்பீஸால், பெரிய எழுத்தில். வியாபாரி ஒரு கட்டை எடுத்தார். நடுவிலிருந்து ஓர் இலையை உருவினார், மடித்துப் பார்த்தார், கீழே வைத்தார். போர்டில் இருப்பதில் முக்கால்தான் தருவேன் என்றார்.

முதலாளி: "வெல போர்டுல இருக்குல்ல. கண்ணு தெரியலையா?"
வியாபாரி: "போர்டுல நீங்க எம்புட்டு வேணாலும் எழுதுங்கண்ணே. சாக்பீஸ் உங்களது. நான் எடுத்தாத்தான் அது வெல."

கடைசியில் முக்காலுக்கே போனது.

பா.அக்கா சிரித்துக்கொண்டே என் முழங்கையை இடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருநூற்று அறுபது என்று விளையாட்டுக்குள் பார்க்கிறேனே, அதை எழுதியது யார்? விற்பவர்கள். அது சாக்பீஸ்.

இதுவரை நான் ஒரு கட்டுகூட விற்றதில்லை.

சரி. ஒன்றை விற்றுப் பார்ப்பேன். நடு இலை உருவுகிற மாதிரி. போய்விடும், எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 13, புதன்

காலை ஐந்தரைக்கு ஒரு கட்டை விலைக்குப் போட்டேன். 260. வேலைக்குப் போனேன். மத்தியானம் பார்த்தேன், அப்படியே. சாயங்காலம் பார்த்தேன், அப்படியே. எனக்கு மேலே அதே விலைக்கு விற்க நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். இதுவரை கவனித்ததே இல்லை. விலையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

220 ஆக்கினேன்.

அம்மா ரசத்தில் உப்பு மறந்தாள். நானே போட்டுக்கொண்டேன்.

விளையாட்டில் பேசுவதற்கு ஒரு குழு உண்டு. எழுதுவதென்றால் எனக்குக் கூச்சமில்லை. அங்கே என் பெயர் வெத்தல17. எல்லோரும் என்னைப் பையன் என்றே நினைக்கிறார்கள். "முதல் சீசன் கட்டு விற்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டேன்.

ஒருவர்: "புரோ நானே மூணு மாசமா போட்டு வச்சிருக்கேன்."
இன்னொருவர்: "எல்லாரும் வாங்கி வைக்கிறோம் புரோ. யார் பிரிக்கிறா?"

இரண்டாவது ஆள் எழுதியதை நாலு தடவை வாசித்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

விற்கவில்லை. 180.

கொட்டகையில் கூட்டம். அடுத்த வாரம் ஆவணி முதல் முகூர்த்தம், கல்யாண வீட்டுக்காரர்கள் இப்போதே சொல்லிவைக்க வந்துவிட்டார்கள். ஏழு மணிக்கு இறங்கிய இலை எட்டரைக்குள் காலி. ஒரு அம்மா என் கையிலிருந்தே கவுளியை வாங்கிக்கொண்டு போனார், நார் கட்டி முடிக்கவில்லை.

கை வேலை செய்யும்போது யோசனை தானாக ஓடும். இன்று ஓடியது இது.

வெற்றிலை வாடும். அதனால்தான் ஓடி வருகிறார்கள். இன்று எடுக்காவிட்டால் நாளைக்கு இல்லை. எடுத்ததை யாரோ மென்று தீர்த்துவிடுகிறார்கள், மறுபடி வருகிறார்கள். என் கட்டு வாடாது. அதனால் வாங்குபவனுக்கு அவசரமே இல்லை. அடுத்த மாதம் வரலாம், அடுத்த வருஷம் வரலாம். அவசரம் விற்பவனுக்கு மட்டும்தான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது சரியான வார்த்தை, தப்பான கணக்கு. வாடாததை நல்லது என்று நினைத்தேன். வெற்றிலைக்காரிக்குத்தான் இப்படித் தோன்றும். வாட்டத்தைப் பார்த்துப் பார்த்து, வாடாமல் இருந்தாலே போதும் என்று.

இன்னொன்றும். கம்பெனி இப்போது விற்பதில்லை. இனிமேல் விற்க மாட்டோம் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? தேடினேன். இல்லை. கொடிக்கால் அவர்களுடையது. எப்போது இலை கிள்ளவேண்டும் என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

140 ஆக்கினேன். பார்ப்போம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். தெருப் பிள்ளைகள் கையில் ஆரஞ்சு மிட்டாய். எனக்கும் ஒன்று கிடைத்தது.

பத்து மணிக்கு 110 ஆக்கினேன். பதினொன்றுக்கு விற்றது. போன் அதிர்ந்தபோது எனக்குள்ளும் ஒன்று அதிர்ந்தது. எண்பதுக்கு வாங்கியது நூற்றிப்பத்து. 260 இல்லாவிட்டாலும் லாபம்தானே. நான் சொன்னது பாதியாவது சரி.

பணத்தை அம்மா பேங்க் கணக்குக்கு மாற்றலாம் என்று போனேன். கம்பெனி பிடித்தது போக 99 இருந்தது, விளையாட்டு வாலட்டில். வெளியே எடுக்கும் பட்டனைத் தேடினேன். இல்லை. விதிமுறைகளை வாசித்தேன், முழுதும், ஒரு மணி நேரம். புரியாத வார்த்தையைப் போனிலேயே தமிழில் மாற்றி வாசித்தேன். வாலட்டில் இருப்பதை விளையாட்டுக்குள் மட்டும்தான் செலவழிக்கலாம்.

குழுவில் கேட்டேன். பதில்: "வெளிய எடுக்கணும்னா தனியா ஆள் பிடிக்கணும் புரோ. பாதி வெலைக்குக் கேப்பான். கணக்க வாங்கிட்டு காசு தராமயும் போவான். எனக்குப் போச்சு."

ஆக, 99 ரூபாய்க்கு நான் வாங்கக்கூடியது: இன்னொரு கட்டு.

சிரிப்பு வந்தது. ஒரு வருஷமாக வெளியே வழியில்லாத கொட்டகையில் இலை அடுக்கியிருக்கிறேன்.

அழவில்லை. முப்பத்தொரு கட்டு என் சம்பளத்தில் வாங்கியது, போகட்டும். சங்கிலி போகக் கூடாது. ஞாயிறு மாமா வருகிறார்.

ஆகஸ்ட் 16, சனி

அம்மா நகைப் பெட்டியைத் துடைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். பக்கத்துத் தெரு அத்தையிடமும் சொல்லிவிட்டாள். "எங்க கௌசி போன்லயே ரெண்ட நாலாக்குறா." அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்ல?

சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை தெரியாமல் தெரியும் என்றேன். இப்போது நிஜமாகவே தெரியும். இந்த வீட்டில் இது பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான்.

எழுதிப் பார்த்தேன். பன்னிரண்டு வரி. முதல் வரி "மாமா, நான் சொன்னது தவறு." பா.அக்காவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் வரியோடு நின்று, எழுதியதையே நீட்டினேன். இதுவரை என்னிடம் இவ்வளவு கேட்டதில்லையாம், நார் முடிவதையே நிறுத்திவிட்டார்.

"அம்புட்டும் சொல்லணுமாக்கும்? உங்க மாமா மூணாவது வார்த்தையிலயே குறுக்க பேசுவாரு. அந்த ஆள எனக்குத் தெரியாதா, பஸ்ஸுல ஏறுனா டிரைவருக்கே வழி சொல்லுற ஆளு. சொல்லாத. செய்ய விடு."

செய்ய விடு.

சாயங்காலம் லேசாகத் தூறல். காற்று நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி 1

மாமா ஒன்பதரைக்கே வந்தார். புதுச் சட்டை, கையில் அல்வா. வாசலிலேயே "எங்க என் வாடாத வெத்தல?"

அம்மா பெட்டியை எடுத்துத் தந்தாள். மாமா திறந்து பார்த்து, மூடி, பையில் வைக்கப் போனார். என் பன்னிரண்டு வரியில் ஒரு வரியும் வரவில்லை. போனை நீட்டினேன்.

"மாமா. இதுல ஒரு கட்ட வித்து, முக்குக் கடையில மூணு டீ வாங்கிட்டு வாங்க."

"டீக்கு எதுக்கு மருமகளே கட்டு? என்கிட்ட காசு இருக்கு."

"உங்க காசு வேணாம். கட்டுக் காசுல வேணும்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாமா சிரித்தார், போனை வாங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். 260 போட்டார். கால் மணி நேரம் காலாட்டினார். 200. அல்வா சாப்பிட்டார். 150. "என்னடா ஆளுங்க இவனுங்க." 120. காலாட்டுவது நின்றது. 100 போட்டதும் போய்விட்டது.

"வித்துருச்சு! அக்கா, வித்துருச்சு!"

"டீ" என்றேன்.

"இந்தா வாரேன்." எழுந்தார். செருப்பைப் போட்டார். நின்றார். போனைப் பார்த்தார். "காசு எங்க?"

"அதுக்குள்ளதான்."

"எடுக்குறது எப்படி?"

"எடுக்க முடியாது மாமா. இன்னொரு கட்டு வாங்கலாம்."

மாமா திரும்பி வந்து எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்தார். நான் தடுக்கவில்லை. அவருக்கு வீடியோ காட்டிய சிநேகிதருக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அம்மாதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சிரிப்பு வெடித்தது. அப்புறம் மாமாவுக்கும்.

"ஏன்டி, இத முன்னாலயே சொல்றதுக்கு என்ன?" அம்மா.

"முந்தாநேத்துதான் முழுசாத் தெரிஞ்சுச்சு. ஏறும்னு சொன்னது என் தப்பு" என்றேன். முழு வாக்கியம். இரண்டு.

மாமா பெட்டியை அம்மாவிடம் தரவில்லை, என்னிடம் தந்தார். அம்மா சங்கிலியை எடுத்துக் கழுத்தில் போட்டுவிட்டாள். பீரோவில் தூங்க வேண்டாமாம்.

டீ மாமா காசில்தான் வந்தது.

டீ குடித்துக்கொண்டே மீதிக் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தேன். வைத்திருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, விளையாடவாவது உதவும். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் ஒண்ணு பிரிக்கவா?" ஒன்று பன்னிரண்டு ஆனது. நான் பதினேழு பிரித்தேன், எல்லாம் சக்கை. இருபத்தொன்பதிலும் நல்ல கார்டு ஒன்றே ஒன்று, தங்க ஓரம் போட்டது. அது மாமா பிரித்ததில் வந்தது.

"தாய்மாமன் சீர்" என்றார். "திருப்பிக் கேக்க மாட்டேன்."