பொம்பேயிக்குப் பெயர் இருக்கிறது, மேட்டு லயத்துக்கு இல்லை

என் தங்கம் ஜெயா,

ஒரு வாரமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போகிறேன், மலையைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். உன்னிடம் சொல்லாமல் இது அடங்காது.

பத்தாம் தரத்துக்கு இப்போது வரலாற்றை இணைய வரைபடத்தில் நடத்துகிறேன். போனைப் புரொஜெக்டரில் இணைத்தால் உரோமாபுரி எங்கள் வகுப்புச் சுவரில் வந்து நிற்கும். விரலால் இழுத்தால் நூற்றாண்டுகள் நகரும், பேரரசுகள் பெருத்துச் சுருங்கும். நீ பார்த்திருந்தால், "அப்பவே இப்படிச் சொல்லிக் குடுத்திருந்தா நானும் படிச்சிருப்பேன்க்கா" என்று சிரித்திருப்பாய்.

போன செவ்வாய்க்கிழமை பொம்பேயி பாடம். எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்த நகரத்தின் தெருக்களைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். உன் மகள் நிலா எழுந்தாள். மண்சரிவு லயத்தோடு உன்னையும் கொண்டுபோன அன்று என் வீட்டில் இருந்ததால் தப்பிய அந்தச் சின்னப் பிள்ளைதான், இப்போது என் வகுப்பில் இருக்கிறாள். பள்ளியில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். அன்று மறந்துவிட்டாள்.

"பெரியம்மா, மண்ணுக்குள்ள போன ஊருக்குத் தெருப் பேருகூட போட்டிருக்காங்க. நம்ம மேட்டு லயத்தக் காட்டுங்க."

யாரும் சிரிக்கவில்லை. வரைபடத்தைக் கரவனெல்லைக்கு நகர்த்தி, அங்கிருந்து நம் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். இறப்பர் மரங்களுக்கு நடுவே தொழிலாளர் வரிசை வீடுகளின் அந்தக் கூரைகள் அப்படியே இருந்தன, ஜெயா. சரிவுக்கு முன்னால் வானத்திலிருந்து எடுத்த படம். உன் வீட்டுத் தகரம் வெயிலில் மின்னியது. அந்த நேரம் நீ உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாய்? தோட்டத்தின் பெயர் சிங்களத்தில் இருந்தது. லயத்துக்கு ஒன்றுமே இல்லை.

வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

"இந்த வரைபடத்துல யார் வேணும்னாலும் பேரு சேர்க்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்?" என்றாள் நிலா.

"அம்மா பேரப் போடுவோமா?" என்றேன்.

"வேணாம். அங்க எத்தன பேர் இருந்தாங்க. மேட்டு லயம்னே போடுவோம்."

எங்கே பெயர்க் குறியை வைப்பது என்பதில் வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. இன்னொரு வரைபடத்தில் புதிய படம் இருந்தது. அதில் அந்த இடம் வெறும் செம்மண். கூரை இருந்த இடத்தில் வைக்கலாம் என்றார்கள் சிலர். லயம் எங்கே முடிந்தது, சரிவு எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லையே என்றார்கள் மற்றவர்கள்.

"நேர்ல போய்ப் பார்த்தாத்தானே தெரியும்," என்றாள் உன் மகள்.

இத்தனை வருடமும் அவளை அங்கே விடவில்லை. மழை என்பேன், அட்டை கடிக்கும் என்பேன். பயம் அவளுக்காகவா, எனக்காகவா?

மழை கொஞ்சம் விடட்டும் ஜெயா, கூட்டிக்கொண்டு வருகிறேன். உன் வாசல் இருந்த இடத்தை நான் காட்டுவேன். பெயர்க் குறியை அவளே தன் கையால் வைக்கட்டும்.

உன்னையும் உன் மகளையும் சுமக்கும்,
உன் அக்கா புஷ்பம்