இரண்டு எப்சிலானுக்கு முட்டை

வியாழன், இரவு

கணிதத்தில் அனாலிசிஸ் பாடத்தின் விடைத்தாள் வந்தது. நிரூபணத்துக்கு முட்டை. என் கடைசி வரி ‘இரண்டு எப்சிலானைவிடக் குறைவு’ என்று முடிகிறதாம். பேராசிரியர் கொடுத்த நோட்ஸில் வெறும் எப்சிலானாம். எப்சிலான் நாமே எடுத்துக்கொள்ளும் ஒரு சின்ன எண்தானே, அதை எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக்கலாம், அப்போது அதன் இரு மடங்கும் சிறிதாகிவிடும் என்று அவரிடம் சொன்னேன்.

“வியாக்கியானம்லாம் வேணாம்மா. ஆரம்பத்துலயே பாதி எப்சிலான்னு எடுத்திருந்தா கடைசில கரெக்டா வந்திருக்குமே?”

நிரூபணம் என்றால் இவருக்குக் கோலம். ஒரு புள்ளி தள்ளி வைக்கக் கூடாது.

நோட்ஸை அப்படியே ஒப்பித்த ரேவதிக்கு முழு மதிப்பெண். ஆவடி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள்:

“நான் மனப்பாடம் பண்ணிகினு வந்து எழுதிட்டேன். எப்சிலான்னா இன்னாடி அது?”



திங்கட்கிழமை செமஸ்டர். திருத்தப்போவதும் இவர்தான். பாதி எப்சிலானை நான்கு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். கையெழுத்துகூட ரேவதியுடையது மாதிரியே இருக்கிறது.