அண்ணனுக்கு ராஜா அங்கி

5 செப்., வெள்ளி

வெயில், போதாததற்குக் காற்று. கொடியில் போட்ட துணியில் இரண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து வந்ததும் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன்.

தைக்க வேண்டியவை:
— எதிர்வீட்டுப் பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள் கவுன்
— அண்ணனுக்கு ராஜா அங்கி, குலசை அம்மன் கோயில் தசராவுக்கு

அண்ணன் நேர்ந்துகொண்டு ஆடியிலேயே மாலை போட்டாயிற்று. ஒரு வேளைச் சாப்பாடு, காலில் செருப்பு இல்லை. எல்லாம் சுதாவுக்காக. ஒரே மகள், கோயம்புத்தூரில் இருக்கிறாள். இரண்டு தடவை கலைந்து, இது ஏழாம் மாதம். வயிற்றில் தங்க வேண்டும். அதற்குத்தான் ராஜா வேஷம் கட்டிக் காணிக்கை எடுத்து அம்மனுக்குச் செலுத்துகிறான்.

வாடகைக் கடை ஜிகினாச் சட்டை போட்டவனெல்லாம் ராஜாவா? நான் தைப்பது கோயில் மண்டபத் தூணில் நிற்கிற ராஜாவின் அங்கி. முழங்காலுக்குக் கீழ் வரை, இடுப்பில் இறுக்கம், கீழே கொசுவம். மூன்று ஞாயிறு போய் நோட்டில் வரைந்து வந்தேன். பூக்கட்டுகிற அம்மாள், "சாமி அங்கன இருக்கு, நீங்க தூணைக் கும்பிடுதீங்களே" என்றாள்.

அளவு: மார்பு 40, இடுப்பு 38. மெரூன் வெல்வெட், 5 மீட்டர். குண்டூசி 24, சரி. எண்ணித்தான் குத்துவேன், எண்ணித்தான் எடுத்து வைப்பேன். ஒரு பிள்ளையின் பாவாடையில் ஒன்று தங்கிப்போய் அவள் அம்மா தெருவில் நின்று கேட்டது இன்னும் மறக்கவில்லை.

12 செப்., வெள்ளி

வெட்டி, நூலோட்டி, அண்ணனுக்குப் போட்டுப் பார்த்தேன். தொளதொள. இடுப்பு 36½.

பழைய டேப், இழுத்து இழுத்து நீண்டிருக்கும் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்ப் புதுசு வாங்கி வந்து அளந்தேன். அதே 36½. இரண்டு டேப்பாலும் என் இடுப்பையும் அளந்தேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. டேப்பில் குற்றமில்லை.

"விரதம்லா, வத்தத்தான் செய்யும்" என்றான்.

14 செப்., ஞாயிறு

கவுன் முடிந்தது. லேஸ் மிச்சம்.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஷோகேஸில் சாமி படத்துக்குப் பின்னால் அவன் சுகர் மாத்திரை, நாலு அட்டை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. மதினியிடம் கேட்டேன்.

"மாலை போட்ட அன்னைக்கே எடுத்து வச்சிட்டாவ. மருந்து சாப்பிட்டுட்டு விரதம் இருந்தா அது என்ன விரதம்னு கேக்காவ."

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா மதினி?"

"அவ்வோ யாரு பேச்சைக் கேட்டாவ? முகத்தைப் பாரு, எப்படிக் களை வந்திருக்கு."

முகத்தில் கன்ன எலும்புதான் வந்திருக்கிறது. டீ குடித்துவிட்டு வந்தேன்.

19 செப்., வெள்ளி

புழுக்கம். வயல்களில் கார் நெல் அறுப்பு. ரோடு முழுக்க வைக்கோல்.

இடுப்பு 35. மார்பு 38.

அண்ணன் வந்ததும் ஒரு செம்புத் தண்ணீர், அளவு முடிந்ததும் இன்னொன்று. நண்பகல் தார் ரோட்டில் வெறுங்காலோடு வந்திருக்கிறான். "சூடே தெரியலட்டி. அம்மன்லா காலைத் தாங்குதா" என்றான். கூட வந்த மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவன் புறவாசலில் ஒதுங்கிவிட்டுப் போன இடத்தில் சாயங்காலம் எறும்பு வரிசை.

அங்கியை மறுபடி பிடித்துத் தைத்தேன். தோளிலும் மார்பிலும் உள்ளே பஞ்சு வைத்தேன். போட்டுப் பார்த்தால் தூணிலிருந்து இறங்கி வந்தவன் மாதிரி இருக்கிறான், மெலிந்ததே தெரியவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது: முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான்.

20 செப்., சனி

அண்ணன் கேட்கிற ஒரே பேச்சு சுதாவுடையது. மாத்திரையை நிறுத்தியதை அவளிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டான். கை கொதித்தது.

"ஏழு மாசத்துப் பிள்ளைத்தாச்சிட்ட என்ன சொல்லப் போற? விரதம் கலைஞ்சு அங்கன ஒண்ணு ஆச்சுன்னா, நீ பதில் சொல்லுவியா?"

சொல்லமாட்டேன். பயமாக இருக்கிறது. எனக்கு இதிலெல்லாம் அவ்வளவு நம்பிக்கை இல்லை என்று சொல்லித் திரிகிறவள் நான். போனை எடுத்து எடுத்து வைத்தேன்.

23 செப்., செவ்வாய்

கடைசி அளவு. இடுப்பு 34. எழுதிவிட்டு அடித்தேன், மறுபடி எழுதினேன்.

கீழ் மடிப்புக்கு 24 ஊசியும் குத்தினேன். அண்ணன் அப்படியே நடந்து முன்கட்டுக்குப் போய் மதினிக்குக் காட்டிவிட்டு வந்தான். கழற்றி எண்ணினால் 23.

பெருக்கினேன். காந்தத்தை நூலில் கட்டித் தரை முழுக்க இழுத்தேன். ஒரு ஹேர்பின், ஒரு திருகாணி.

24 செப்., புதன்

அங்கியை அங்குலம் அங்குலமாக விரலால் தடவிப் பார்த்தேன். இல்லை. அலமாரிக்கு அடியிலும் இல்லை. லீவு போட்டுத் தேடுகிறேன் என்று தெரிந்தால் ஆபீஸில் சிரிப்பார்கள்.

அண்ணன் காப்புக் கட்டிவிட்டான். லேசாகக் காய்ச்சலாம். மதினி போனில், "அம்மன்லா இறங்குதா" என்றாள்.

26 செப்., வெள்ளி

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். வேஷம் கட்டும் நாள். என் வீட்டில்தான்.

அங்கி, இடுப்புப் பட்டை, உயரக் குல்லா. வேனில் கூடப் போகிற தசராக் குழுவிலிருந்து எட்டிப் பார்த்த ஒருவர், "அண்ணாச்சி, நெசமான ராசா தோத்தாரு வே" என்றார். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டான். உதடு வெடித்திருந்தது.

காலுக்குத் தண்டை போட நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தை என் மடியில் வைத்தேன். குதிகாலைச் சுற்றி வீங்கியிருந்தது. நிறம் சரியில்லை. நடுவில் வெடிப்புக்குள் கடுகளவு ஒரு பளபளப்பு. நகத்தால் சுரண்டினேன். குண்டூசித் தலை.

அழுத்திப் பார்த்தேன்.

"வலிக்காண்ணே?"

"எது?"

பிடுங்கினேன். முழுசாக வந்தது, கூடவே ஒரு நாற்றம். அண்ணன் திரும்பவில்லை. குல்லா இடது பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று நாள் இதோடு நடந்திருக்கிறான். என் ஊசி.

"அங்கியக் கழட்டு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஊசியைக் காட்டினேன். பார்த்தான். "வலிக்கவே இல்லையே, பாரு" என்றான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மதினி ஊசியைக் கும்பிட்டாள்.

வாசலில் மேளம் ஆரம்பித்தது. ராஜாவின் வாள் என் கட்டிலில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு உள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வாள் இல்லாமல் கிளம்பமாட்டான். கதவைத் தட்டினான். "ஏட்டி, கொண்டா. வண்டி நிக்கு."

சுதாவுக்குப் போன் அடித்தேன், அவள் சொன்னால் கேட்பான். மூன்றாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அத்தே, அப்பா வேஷம் கட்டியாச்சா? வீடியோல காட்டுங்க, பாப்பா உதைச்சிட்டே இருக்கு" என்றாள்.