ரப்பர் துணிக்குக் கையெழுத்துப் போடாதே

தஞ்சாவூர்
20-1-1997

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். சம்பா அறுப்பு ஆரம்பித்துவிட்டது, ரோடெல்லாம் வைக்கோல், நான் அச்சகத்துக்குப் போகிற பஸ் ஊர்ந்துதான் போகிறது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது, அதிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை. அச்சு மெஷின் கையேட்டை ஜெர்மனிலிருந்து இங்கிலீஷில் நல்லபடியாக மாற்றிக் கொடுத்திருக்கிறாய், உன் மேலதிகாரி அதை அடித்துவிட்டு அகராதியைப் பார்த்து சொல்லுக்குச் சொல் போட்டு வைத்திருக்கிறார், அதில் மொழிபெயர்த்தது நான்தான் என்று நீ கையெழுத்துப் போட வேண்டுமாம், போடாவிட்டால் மார்ச்சுக்கு மேல் வேலை இல்லையாம். மெஷின் உருளையில் மாட்டுகிற விரிப்பை அங்கே நிற்கிறவர்கள் எல்லோரும் பிளாங்கெட் என்றுதான் சொல்கிறார்கள், அதை ரப்பர் துணி என்று எழுதினால் எவனுக்குப் புரியும்? இங்கிலீஷ் உன் தாய்மொழி இல்லையே என்று வேறு கேட்டாராம். அவருக்கு மட்டும் தாய்மொழியா? அதை நீ ஏன் திருப்பிக் கேட்கவில்லை?

நீ அனுப்பிய இரண்டு தாளையும் அச்சகத்துக்கு எடுத்துப் போனேன். இறக்குமதி திறந்துவிட்டபோது முதலாளி வாங்கிய பழைய ஜெர்மன் மெஷின் உனக்குத் தெரியும், அதை ஓட்டுகிற வைரக்கண்ணு அண்ணனையும் தெரியும். எங்கள் வழக்கப்படி நான் கையேட்டை உரக்கப் படித்துத் தமிழில் சொல்வேன், அவர் கை மெஷினுக்குள் இருக்கும். முதலில் மேலதிகாரி எழுதியதைப் படித்தேன். மூன்றாவது வரியில் கையை வெளியே எடுத்துவிட்டார், இது எந்த மெஷினுக்கும்மா என்று கேட்டார். அப்புறம் நீ எழுதியதைப் படித்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லை, பழைய பிளாங்கெட்டைக் கழற்றிப் புதுசை மாட்டி இறுக்கிவிட்டு, பாப்பா மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டே எழுதியிருக்கிறது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அச்சகத்தில் கடைசிப் புரூஃபில் நான் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும், போட்ட பிறகு தப்பு என் தப்பு. நீ காலேஜில் இருந்தபோது பூச்சிமருந்து நோட்டீஸ் ஒன்று வந்தது. ஒரு டேங்க் தண்ணீருக்கு ஒரு மூடி மருந்து என்று போடலாமே என்றேன். கம்பெனி அதிகாரி, அப்படிப் போட்டால் மட்டமாக இருக்கும், இத்தனை விழுக்காடு என்றுதான் வர வேண்டும் என்றார். நாற்றங்காலில் நிற்கிறவர்களுக்கு இது புரியாது என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன், வேலை போய்விடும் என்ற பயம். நன்னிலத்திலிருந்து ரெத்தினம் என்று ஒருவர் அந்த நோட்டீஸோடு வந்தார். குத்துமதிப்பாகக் கலந்து அடித்திருக்கிறார், நாற்று முழுக்கக் கருகிவிட்டது. சண்டை போடவில்லை, இதில் என்னதாம்மா எழுதியிருக்கு, படிச்சு சொல்லுங்க என்று கேட்டார். படித்துச் சொன்னேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அது நாற்று. நீ எழுதுவதைக் கேட்டு மெஷினுக்குள் போவது மனுஷன் கை.

அதனால் போடாதே. வேலை போனால் போகட்டும், பெட்டியைக் கட்டிக்கொண்டு வா, யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வைரக்கண்ணு அண்ணன் செய்ததைத் தேதியோடு இங்கிலீஷில் எழுதி அவர் கையெழுத்தும் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன், அதை உன் மேலதிகாரி மேஜையில் போடு.

அப்பாவுக்கு இதில் சம்மதம் இல்லை. அந்நிய தேசத்தில் பெண் பிள்ளைக்கு வீம்பு எதற்கு, போட்டுவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல் என்கிறார். வழக்கம்போல இந்தக் கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போடச் சொன்னேன். முழுக்கப் படித்துவிட்டு, எனக்கு உடன்பாடில்லாததில் நான் எப்படிப் போடுவேன் என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பார், அவருக்கே தெரிகிறது.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. காதை மூடிக்கொண்டு வெளியே போ, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

இரண்டு தடவை படித்துப் பார்த்து, முழு சம்மதத்தோடு கையெழுத்திடும் உன் அம்மா,
தங்கம்மாள் வேதநாயகம்